ஜெர்மனியில் முதுகலை: மாதம் 992 யூரோவில் வாழ்வதன் கணக்கு

ஜெர்மனியில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது என்ற ஒரு வரியை நம்பிக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. அந்த வரி பெரும்பாலும் உண்மைதான். விலக்கும் உண்டு: பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் ஒரு பருவத்துக்கு, அதாவது அரையாண்டுக்கு, 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பருவக் கட்டணம் என்ற சிறு தொகையோடு முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வாடகை, காப்பீடு, சாப்பாடு.

அங்கே பணத்துக்குத் திண்டாடுகிற மாணவர்களிடம் விசாரித்தால் பலரும் மொத்தத் தொகையைச் சரியாகவே போட்டு வந்திருப்பார்கள். எந்த வாரம் எந்தப் பணம் கைக்கு வரும் என்பதில்தான் கணக்கு இடித்திருக்கும். வந்து இறங்கிய முதல் எட்டு வாரம், இரண்டாம் ஆண்டின் தொடக்கம், ஆய்வேடு எழுதும் பருவம். இந்த மூன்று இடத்தில்தான் கை வறண்டுபோகிறது.

992 எங்கிருந்து வந்தது?

விசாவுக்கு பிளாக்ட் அக்கவுன்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் விடுவிக்கும் முடக்கக் கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 992. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 11.90 லட்சம் ரூபாய்.

இந்த எண்ணைத் தூதரகம் நினைத்தபடி போட்டுவிடவில்லை. ஜெர்மன் அரசு தன் சொந்த மாணவர்களுக்குத் தரும் பாஃபாக் உதவித்தொகையின் உச்சவரம்பு அது. அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவக் காப்பீட்டுக்கும் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் சேர்த்து 137. அதாவது, உங்கள் அறை வாடகை 380 யூரோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கெம்னிட்ஸ், மாக்டபுர்க், இல்மெனாவ், ஃப்ரைபெர்க் போன்ற கிழக்கு ஊர்களில் மாணவர் விடுதியோ பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறையோ அதற்குள் கிடைக்கும். மியூனிக்கில் அறை மட்டுமே 700, 800 கேட்பார்கள். அங்கே 992ஐ வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்ட முடியாது. பிராங்க்பர்ட், ஹாம்பர்க், பெர்லினிலும் இழுபறிதான்.

அதனால் சேர்க்கைக் கடிதம் இரண்டு மூன்று கையில் இருக்கும்போது, பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊரின் அறை வாடகையையும் எழுதிப் பாருங்கள். வாடகையில் மாதம் 350 யூரோ வித்தியாசம் என்றால் இரண்டு ஆண்டில் 8,400 யூரோ, நம் பணத்தில் எட்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கப்போகும் கடனில் பெரும் பங்கு அதுவாகவே இருக்கலாம். பெரிய ஊரில் வேலை எளிதாகக் கிடைக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் வேலை கிடைக்க மாதங்கள் ஆகலாம், வாடகையோ முதல் நாளிலிருந்தே ஓடும்.

கிளம்புவதற்கு முன்

நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கும் யூனி அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து போடும் ஒவ்வொன்றுக்கும் 30. விசாவுக்கு 75 யூரோ. ஆங்கிலத் தேர்வு, விமானச் சீட்டு இவை தனி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செலவு.

தெரியாமல் கடிக்கும் இடம் பிளாக்ட் அக்கவுன்டுக்குப் பணம் அனுப்புவதில் இருக்கிறது. சரியாக 11,904 யூரோ அனுப்பினால், இடையில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு 11,880 சொச்சம்தான் போய்ச் சேரும். தொகை குறைந்தால் உறுதிக் கடிதம் வராது, கடிதம் இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போக முடியாது. குறைந்த 24 யூரோவைத் திரும்ப அனுப்ப ஒரு வாரம் போய்விடும். வங்கியில் படிவம் நிரப்பும்போதே எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டணத்தோடு மேலே ஐம்பது, நூறு யூரோ சேர்த்தே அனுப்புங்கள். மிஞ்சினால் அது உங்கள் கணக்கில்தான் இருக்கும்.

சொந்தப் பணத்தை அனுப்பினால் இன்னொன்று: ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்ற முன்வரியைப் பிடிக்கும். 11.90 லட்சம் அனுப்பினால் மேலே உள்ள தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அனுப்பியவர் அதைத் திரும்பப் பெறலாம். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போனால் இந்தப் பிடித்தமே இல்லை.

கடன் வாங்குபவர்கள் வட்டியைப் படிக்கும் காலத்திலேயே கட்ட முடியுமா என்று வீட்டில் பேசிவிடுங்கள். 12 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய். இரண்டரை ஆண்டு கட்டாமல் விட்டால் 3 லட்சம் சேர்ந்து அசலோடு ஒட்டிக்கொள்ளும். அப்பாவோ அம்மாவோ பாதி வட்டியையாவது கட்டிவந்தால் வேலைக்குப் போகும் முதல் ஆண்டில் மூச்சு விட முடியும்.

முதல் எட்டு வாரம்

பிளாக்ட் அக்கவுன்டில் பன்னிரண்டு லட்சம் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் இறங்கும் அன்று அதிலிருந்து ஒரு யூரோ எடுக்க முடியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டு வருபவர்கள்கூட எவ்வளவு நாள் எடுக்க முடியாது என்பதைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

சங்கிலி இப்படிப் போகிறது. மாதப் பணம் வர ஜெர்மனியில் ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். கணக்கைத் திறக்கவும் பிளாக்கை விடுவிக்கவும் பல இடங்களில் முகவரிப் பதிவுச் சான்று கேட்பார்கள். அந்தப் பதிவுக்குப் பெயர் அன்மெல்டுங். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர் பெஸ்டேட்டிகுங் வேண்டும்.

அந்தத் தாளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். ஒரே பக்கம். வீடு கொடுப்பவரின் பெயர், முகவரி. அந்த வீட்டின் முகவரி. நீங்கள் குடிவந்த தேதி. குடிவருபவரின் பெயர். கீழே கையெழுத்து. வாடகை எவ்வளவு என்றுகூட அதில் இருக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஒப்பந்தம் வேறு, இந்தத் தாள் வேறு. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் நகர அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே பெரிய ஊர்களில் மூன்று, நான்கு வாரம் ஆகும். முகவரி உறுதியானதும் ஊரிலிருந்தபடியே இணையத்தில் நேரம் பதிந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் காலை அலுவலகம் திறக்கும் நேரத்தில் பாருங்கள், மற்றவர்கள் ரத்து செய்த இடங்கள் அப்போது தலைகாட்டும்.

இதனால்தான் முதல் மாதத்துக்கு விடுமுறை வாடகை அறை எடுப்பது ஆபத்து. அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளைத் தரமாட்டார்கள். அறை எடுக்கும் முன் ஒரே கேள்வி: இங்கே அன்மெல்டுங் செய்ய முடியுமா? முடியாது என்றால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு ஆன பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வரி அடையாள எண் தபாலில் வரும். அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார், அது அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும்.

இந்தச் சங்கிலி முடிய நான்கு வாரம் என்றால் நல்ல காலம், எட்டு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதுவரை கையில் இருக்க வேண்டிய தொகையைக் கூட்டிப் பார்ப்போம். முதல் மாத வாடகை 380. வைப்புத்தொகை, அதாவது கவுட்சியோன், சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. 300 என்றால் 900. பருவக் கட்டணம் 150 முதல் 350. காப்பீடு முதல் மாதத்துக்கு 150. மெத்தை, போர்வை, பாத்திரம், குளிருக்கு ஒரு மேலங்கி எல்லாம் பழையதாக வாங்கினாலும் 200. இரண்டு மாதச் சாப்பாடு 350. கூட்டினால் 2,130 முதல் 2,330 வரை ஆகிறது, இரண்டாம் மாத வாடகை இன்னும் வரவில்லை. ஆகவே பிளாக்ட் அக்கவுன்டுக்கு வெளியே குறைந்தது 2,500 யூரோ தனியாக வேண்டும். 500 ரொக்கமாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில்.

வைப்புத்தொகையில் ஒரு சலுகை சட்டத்திலேயே இருக்கிறது. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம். முதல் தவணை குடிவரும்போது, மீதி இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. கேட்டால்தான் கிடைக்கும். பலர் கேட்பதே இல்லை.

மோசடியைச் சொல்லாமல் விட முடியாது. அறை தேடும் தளங்களில் அழகான படம், ஊர் நடுவில், 350 யூரோ. வீட்டுக்காரர் வேலை காரணமாக வெளிநாட்டில் இருக்கிறாராம். வைப்புத்தொகையை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறாராம். நம்பவைக்கப் பாஸ்போர்ட் நகலும் வரும், அது வேறு யாரிடமோ திருடியது. அறையை நேரிலோ, நம்பிக்கையான ஒருவர் மூலமோ, குறைந்தது வீட்டுக்குள்ளிருந்து நேரலை வீடியோவிலோ பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். பாதுகாப்பான வழி ஸ்டுடியரென்டென்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் மாணவர் விடுதி. சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஊர்களில், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த அன்றே விடுதிக்கும் விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் வரிசை சில ஊர்களில் இரண்டு மூன்று பருவம் நீளும்.

மாதச் செலவு

வாடகையில் இரண்டு சொல். கால்ட்மீட்டே என்பது வெறும் அறைக்கு. வார்ம்மீட்டே என்பது வெப்பம், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் சில வீடுகளில் அதற்கும் வெளியே. விளம்பரத்தில் எந்த எண் என்று பாருங்கள். வார்ம்மீட்டேயிலும் வெப்பச் செலவு ஒரு மதிப்பீடுதான். ஆண்டுக் கணக்கு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வீட்டுக்காரர் உண்மைக் கணக்கை அனுப்பி மிச்சத்தைக் கேட்கலாம். குளிர்காலம் முழுக்க ஹீட்டரை ஐந்தில் வைத்திருந்தவர்களுக்கு 200, 300 யூரோ எதிர்பாராமல் வந்து நிற்கும்.

இதில் நம்மவர்கள் அதிகம் தவறுவது ஜன்னலில். ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடிக்கு மூன்று நிலை. கீழ்நோக்கி இருந்தால் மூடியது. பக்கவாட்டில் திருப்பினால் கதவு போல முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேல்பகுதி மட்டும் சாய்ந்து ஒரு சாண் இடைவெளி விடும். சாம்பார் வாசனை போகட்டும் என்று அந்தச் சாய்ந்த நிலையிலேயே நாள் முழுக்க விட்டுவிட்டு ஹீட்டரையும் போட்டிருப்பார்கள். வெப்பம் வெளியே போகும், ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்துபோகும், குக்கரிலிருந்தும் காயப்போட்ட துணியிலிருந்தும் வரும் ஈரம் அந்தக் குளிர்ந்த மூலையில் படியும். இரண்டு மாதத்தில் கருப்புப் பூஞ்சை. வெளியேறும்போது வைப்புத்தொகையிலிருந்து வண்ணம் பூசும் செலவைப் பிடிப்பார்கள். சரியான முறை ஷ்டோஸ்லுஃப்டென்: ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. சமைத்து முடித்ததும் ஒருமுறை கட்டாயம். குடிவரும் நாளில் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கறையையும் ஓட்டையையும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுத வையுங்கள். வைப்புத்தொகை திரும்ப வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஊருக்குத் திரும்பும் செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு 30 வயதுக்குக் குறைந்த மாணவருக்கு அரசுக் காப்பீட்டில் மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். இதைவிட மலிவாக மாதம் 40, 50 யூரோவுக்குத் தனியார் காப்பீடு விற்பார்கள். அதை எடுத்துச் சேர்க்கை நேரத்தில் அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்த விலக்கைப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. ஒரு அறுவை சிகிச்சையோ நீண்ட நோயோ வந்தால் மலிவுத் திட்டம் பாதிச் செலவை ஏற்க மறுக்கும். சேமிக்கக் கூடாத இடம் இது. 30 வயது ஆகும் பருவத்தோடு மாணவர் கட்டணம் முடிந்துவிடும் என்பதையும், வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாகப் படிக்க வருபவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். அதன் பிறகு மாதம் 250 யூரோவுக்கு மேல் போகும்.

ரன்ட்ஃபுங்க்பைட்ராக் என்று ஒரு கடிதம் வரும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவியே இல்லையே என்று குப்பையில் போடாதீர்கள், பாக்கி சேர்ந்து அபராதத்தோடு வரும். கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. மூன்று பேர் இருந்தால் ஒருவர் கட்டி, மற்ற இருவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும், தலைக்கு ஆறு யூரோ சொச்சம்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோவில் காய்கறி, முட்டை, பால், தயிர். அரிசி, பருப்பு, புளி, மசாலாவுக்கு ஆசியக் கடை. எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்கள் குடியேறிய ஊர்களில் அவர்கள் நடத்தும் மளிகைக் கடைகள் இருக்கின்றன. காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹாம் நகரையும் ரூர் பகுதியையும் சுற்றிப் படிப்பவர்களுக்குக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், புழுங்கலரிசி எதற்கும் குறை இருக்காது. வாரம் ஒருமுறை சமைத்து, மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் மூன்று, நான்கு யூரோவுக்குச் சாப்பிட்டால் மாதம் 180 முதல் 200க்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ரயில் நிலையக் கடையில் ஓடிப்போய் வாங்கினால் பட்ஜெட் உடையும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கு 25 சென்ட் ஃபாண்ட், அதாவது பாட்டிலுக்கான முன்பணம், பிடிப்பார்கள், காலிப் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். குழாய்த் தண்ணீரே குடிக்கத் தக்கது என்பதால் அந்தச் செலவே தேவையில்லை.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியவை: குக்கர், அதற்கு இரண்டு ரப்பர் வளையம், கூடுதலாக ஒரு ஜோடி மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்குப் பெரியவர்களுக்குக் காப்பீடு பொதுவாகத் தராது. பல் வேலை பாக்கி இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள். நெய், பால்கோவா போன்ற பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. அம்மா உருக்கிக் கொடுத்த நெய் விமான நிலையச் சுங்கத்திலேயே போய்விடும்.

பயணத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்துக்குள்ளேயே ஜெர்மனி முழுக்கச் செல்லும் பயணச்சீட்டு அடங்கியிருக்கும். அது உள்ளூர், வட்டார ரயில்களுக்கு மட்டும், அதிவேக ரயிலில் செல்லாது. சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ.

வேலை

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். நான்கு மணி நேரம் வரை அரை நாள். 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது, பழைய எண்ணையே இன்னும் பலர் சொல்வார்கள். வாரம் 20 மணி நேரத்துக்குள் இருந்தால் அந்த வாரத்தை இரண்டரை நாளாகக் கணக்கிடும் முறையும் உண்டு. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் ஹிவி எனும் மாணவ உதவியாளர் வேலை இந்த நாள் கணக்கில் சேராது. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள பயிற்சியும் சேராது. ஆனால் அந்தக் கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது, சம்பளத்தை முதலிலேயே கேளுங்கள்.

2026இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் என்றால் மாதம் 603 யூரோ வரை, அதாவது மாதம் 43 மணி நேரம், வாரம் பத்து மணி நேரம். ஓய்வூதியப் பிடித்தமாக 3.6 சதவீதம் உண்டு. எழுதிக் கொடுத்தால் அதிலிருந்தும் விலக்கு பெறலாம். வெர்க்ஸ்டுடென்ட் வேலையில், அதாவது மாணவருக்கான பகுதிநேர வேலையில், வாரம் 20 மணி நேரம் என்றால் குறைந்தபட்சக் கூலியிலேயே மாதம் 1,200 வரும். ஓய்வூதியப் பிடித்தம் போகக் கையில் 1,100க்கு அருகில். அந்த அளவில் வருமான வரி பொதுவாக வராது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் என்ற சலுகை போய் மருத்துவம், வேலையின்மை எல்லாக் காப்பீட்டுக்கும் பிடிப்பார்கள். கூடுதலாக உழைத்துக் குறைவாக வாங்கும் நிலை.

முதல் சம்பளச் சீட்டில் பணம் பெரிதாகக் குறைந்திருந்தால், வரி எண்ணை நீங்கள் கொடுக்காததால் அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரிப் பிரிவில் போட்டிருப்பார்கள். எண்ணைக் கொடுத்ததும் அடுத்த மாதங்களில் சரிசெய்வார்கள். இரண்டாவது வேலை வைத்துக்கொண்டால் அதுவும் ஆறாம் பிரிவுதான், மினிஜாப் தவிர. எப்படியானாலும் ஆண்டு முடிந்ததும் எல்ஸ்டர் தளத்தில் வரிக் கணக்குப் போடுங்கள். பிடித்த வரி திரும்ப வரும், நான்கு ஆண்டுவரை பின்னோக்கிப் போடலாம். இந்தியாவில் இளங்கலை முடித்துவிட்டு வந்தவருக்கு முதுகலை இரண்டாவது படிப்பு. அதனால் மடிக்கணினி, பருவக் கட்டணம் போன்ற செலவுகளை நட்டமாகப் பதிந்து, வேலை கிடைத்த பின் வரியில் கழிக்கலாம். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

ஜெர்மன் மொழி தெரியாதவருக்குக் கிடங்கு, சமையலறை, துப்புரவு, உணவு விநியோகம் இவைதான் முதலில் அகப்படும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கிடங்குகளில் ஆள் எடுப்பார்கள், ஜனவரியில் குறைத்துவிடுவார்கள். ஆகவே அக்டோபரில் கிடைத்த வேலையை வைத்து ஆண்டு முழுக்கக் கணக்குப் போடக் கூடாது. உணவகத்தில் சேரச் சுகாதார அலுவலகத்தில் ஒரு மணி நேரப் பாடம் கேட்டுச் சான்று வாங்க வேண்டும், 30 யூரோ அளவில். வாங்கி மூன்று மாதத்துக்குள் முதல் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால் வேலை உறுதியாகும்போது வாங்கினால் போதும்.

சோதனைக்கு வா என்று சொல்லி இரண்டு மூன்று நாள் முழு வேலை வாங்கிக்கொண்டு சம்பளம் தராதவர்கள் உண்டு. வேலை வாங்கினால் அது வேலை, கூலி உண்டு. மினிஜாப்காரருக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு: வாரம் இரண்டு நாள் வேலை என்றால் ஆண்டுக்கு எட்டு நாள். நான்கு வாரம் வேலை செய்த பின் காய்ச்சல் என்று மருத்துவர் சீட்டுக் கொடுத்தால் அந்த நாளுக்கும் சம்பளம், ஆறு வாரம்வரை. இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. இது சட்டம் கொடுத்த பணம்.

உணவு விநியோகத்தில் இடைத்தரகர்கள் சுயதொழில் ஒப்பந்தம் போடச் சொல்வார்கள். மாணவர் அனுமதியில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் இசைவு இல்லாமல் சுயதொழில் செய்யக் கூடாது. ஒப்பந்தம் இல்லாமல் கையில் ரொக்கம் வாங்கும் வேலையும் அப்படியே. பிடிபட்டால் போவது வேலை மட்டுமல்ல, தங்கும் அனுமதியும்.

முதல் பருவத்தில் வேலைக்கு ஓடுவதைவிட ஜெர்மன் மொழியைப் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி வரை படிப்பதே பணக் கணக்கிலும் லாபம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பல பல்கலைக்கழகங்களில் மொழி வகுப்பு இலவசம் அல்லது சிறு கட்டணம். பி1 இருந்தால் கிடங்கிலிருந்து அலுவலக வெர்க்ஸ்டுடென்ட் வேலைக்குப் போகும் கதவு திறக்கும். முதல் பருவத்தில் தேர்வில் தவறினால் அந்த ஒரு பாடம் படிப்பை அரையாண்டு நீட்டி 5,000, 6,000 யூரோவைக் கேட்கும்.

இரண்டாம் ஆண்டும் ஆய்வேடும்

பிளாக்ட் அக்கவுன்ட் பன்னிரண்டாம் மாதம் காலியாகும். ஏறக்குறைய அதே சமயத்தில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மீண்டும் ஓராண்டுக்கான பணத்தைக் காட்டச் சொல்வார்கள். காட்டும் வழிகள்: மீண்டும் பிளாக்ட் அக்கவுன்ட், நிலையான வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டுகளும், உதவித்தொகைக் கடிதம், ஜெர்மனியில் வசிக்கும் ஒருவரின் பொறுப்புறுதி. சம்பளச் சீட்டை ஏற்பதா, எத்தனை மாதச் சீட்டு வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆறு மாதம் முன்பே அந்த ஊர் அலுவலகத்தின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். அனுமதி முடியும் தேதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், அட்டை வரும்வரை ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலத் தாள் தருவார்கள்.

முதல் ஆண்டில் மாதம் 603 சம்பாதித்து, 992லிருந்து மாதம் 300 மிச்சம் பிடித்தவருக்கு இந்த நேரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் கையில் இருக்கும். முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தொடாமல் வைப்பது இதற்குத்தான். ஊருக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை இயல்பு. வட்டிக்கு மட்டும் அனுப்புங்கள், மீதியை இந்தத் தேதிக்காக நிறுத்துங்கள்.

உதவித்தொகையில் கைக்கெட்டுவது டாய்ச்லான்ட்ஸ்டிபெண்டியம்: மாதம் 300 யூரோ, பாதி அரசும் பாதி தனியாரும் தருவது, வெளிநாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத் தேதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேறு, ஆண்டுக்கு ஒருமுறைதான். டாட் எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் (DAAD) உதவித்தொகை முதுகலைக்கு மாதம் 992. அதற்கு ஊரிலிருக்கும்போதே, படிப்பு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் நான்கு பருவம் என்று இருந்தாலும் ஐந்து, ஆறு பருவம் எடுப்பவர்கள் ஏராளம். வீட்டில் முதலிலேயே இரண்டரை ஆண்டு என்று சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஆய்வேட்டுப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய முடியாது. செய்தால் ஆய்வேடு இழுக்கும். நிறுவனத்தில் சம்பளத்தோடு ஆய்வேடு செய்யும் வாய்ப்பைத் தேட மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலேயே இறங்க வேண்டும். கிடைக்காதவர் ஆறு மாதச் செலவை, சிறு ஊரில் 4,500, பெரிய ஊரில் 6,500 யூரோவை, அதற்கு முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

கடைசி மதிப்பெண் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட மாதத்தோடு வெர்க்ஸ்டுடென்ட் சலுகை முடிகிறது, பருவம் முடியும்வரை பெயர் பதிவில் இருந்தாலும். பெயர் நீங்கும் பருவத்தின் முடிவோடு காப்பீட்டின் மாணவர் கட்டணமும் போய்விடும். வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், அதில் எந்த வேலையும் எத்தனை மணி நேரமும் செய்யலாம். ஆனால் அந்த விண்ணப்பத்துக்கும் பணம் காட்ட வேண்டும், காப்பீட்டுக்கு மாதம் 250க்கு மேல் கட்ட வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதியை முடிவு செய்யும் முன் மேற்பார்வையாளரிடம் மதிப்பீட்டுக்கு எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டு, மார்ச் 31 அல்லது செப்டம்பர் 30க்கு முன் முடிவு வருமா என்று பாருங்கள். ஒரு வாரம் தாண்டினால் இன்னொரு பருவக் கட்டணம் கட்ட நேரும்.